பியூலா அழித்த கடிதங்கள்

1994. இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. ரோட்டைப் பார்த்த மாடியில் எங்கள் ஆபீஸ். ஐந்து பேர், ஐந்து திரைகள், எல்லாவற்றுக்கும் ஒரே கம்ப்யூட்டர். அதற்கான ஆபரேட்டிங் சிஸ்டத்தை நாங்களே எழுதிக்கொண்டிருந்தோம். ஃபைல்களைப் பார்த்துக்கொள்ளும் பகுதி பியூலாவுடையது.

தினமும் ஒரு தடவையாவது கம்ப்யூட்டர் படுத்துவிடும். 'மெமரியில் தவறு' என்று ஒரு வரி காட்டிவிட்டு ஐந்து பேர் வேலையையும் கெடுக்கும். முதலாளி எட்மண்ட் சார் மெமரி சிப்பை மாற்றினார், ஸ்டெபிலைசர் வாங்கினார். கடைசியில், வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் அந்தப் பகுதியை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்று பியூலாவிடம் சொல்லிவிட்டார். ஒன்றரை வருஷ உழைப்பு. அன்று அவள் சாப்பிடவில்லை. எனக்கு சார்மேல் வந்த கோபத்தில் டிபன் பாக்ஸை நானும் திறக்கவில்லை.

வியாழக்கிழமைதான் புரிந்தது. காரணம் நாங்கள்தான். பியூலா ஒரு ஃபைலில், ஆங்கில எழுத்தில் தமிழாக, எனக்குக் கடிதம் எழுதுவாள். நான் திறந்ததும், வேறு யார் கண்ணிலும் படக் கூடாதென்று அழித்துவிடுவாள். பொறுமை அவள் பக்கமே போனதில்லை. நானோ திரையில் மேலே போய் முதல் வரியிலிருந்து மறுபடி படிப்பேன். நான் இன்னும் படிக்கிறேனா என்று பார்க்காமல், அவள் புரோகிராம் கடிதம் இருந்த மெமரியை வேறு வேலைக்குத் தூக்கிக் கொடுத்திருக்கும். கம்ப்யூட்டர் விழாமல் என்ன செய்யும்?

படிக்கிறவர் ஃபைலை மூடும்வரை மெமரியை விடாதே என்று நான்கு வரி சேர்த்தாள். ஆனால் எப்படி விழுந்தது என்று கண்ணால் பார்க்காமல் சார் எதையும் ஒத்துக்கொள்ள மாட்டார். போதாக்குறைக்கு அவரும் பியூலாவின் அப்பாவும் ஒரே சர்ச். ஹெட்மாஸ்டரான அந்த அப்பா, என்னைப்போல் கேசவன் என்று ஒரு மருமகனைக் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

வெள்ளி காலை பழைய புரோகிராமைப் போட்டு, விழவைத்து சாருக்குக் காட்டினோம்.

"ஒருத்தர் படிக்கிறப்பவே இன்னொருத்தர் அழிக்கிறதா? நம்ம ஆபீஸ்ல யாரும்மா அப்படிப் பண்றது?"

தெரியாமல் நடந்திருக்கும் என்ற பொய்யை நான் தயாராக வைத்திருந்தேன்.

"நாங்கதான் சார். நானும் கேசவனும். லெட்டர் எழுதிக்கிறோம்," என்றாள் பியூலா.

அவளை எனக்கு அந்த நிமிஷம் பிடித்ததுபோல் அதற்குமுன் பிடித்ததில்லை.

சார் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "புதுசைப் போட்டுக் காட்டுங்க," என்று என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

பியூலா எழுதினாள். நான் திறந்தேன். அவள் அழித்தாள். கம்ப்யூட்டர் விழவில்லை. அவள் எழுதிய வரிகளும் என் திரையை விட்டுப் போகவில்லை: 'ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்கு வீட்டுக்கு வா. அப்பாகிட்ட பேசு.'

நான் இரண்டு தடவை படித்தேன். எனக்குப் பின்னால் சாரும் படித்தார்.

"தனியாப் போகாதப்பா," என்றார். "நானும் வரேன்."