கிதாருக்கு ஒரு புதிய பிக்கப்

எழுதிப் பழகாத கை இது. துயரம் நிகழ்ந்த ஒரு வீட்டின் கதவைக் கேளாமல் திறக்கும் துணிவை வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். சொன்ன விதத்தில் குறையிருந்தால் அது என் குறை, அவ்வீட்டாரின் குறையன்று.

"முதல்ல வெள்ளை மூடி போட்டது. கேளுண்ணா," என்று தங்கை ஈயம் உருக்கும் கோலைத் தள்ளி வைத்துவிட்டு, கிதாரை மடியில் சாய்த்துக்கொண்டாள்.

முற்பகல் வெயில் கட்டிலில் கிடந்த அண்ணனின் பாதங்கள் மீது படிந்திருந்தது. முப்பது ஆண்டுகள் விடுதி மேடைகளில் மின்கிதார் வாசித்தவர். இப்போது தலையணையிலிருந்து தலையைத் தூக்கவும் அவருக்கு இன்னொருவர் கை வேண்டியிருந்தது. கம்பிகளுக்கு அடியில் அமர்ந்து அவற்றின் அதிர்வை மின்சாரமாக்கித் தரும் சிறு காந்தச் சுருள்தான் பிக்கப். அதைத்தான் அவள் மாற்றிக்கொண்டிருந்தாள்.

கம்பியைத் தட்டினாள். ஒலிபெருக்கியிலிருந்து ஓசை ஊசியாய்ப் பாய்ந்தது. சமையலறையில் அண்ணியின் கையிலிருந்து பாத்திரம் விழுந்து உருண்டது.

"எப்படிண்ணா?"

"தெளிவா இருக்கு. இப்படிக் கேட்டு எத்தனையோ நாளாச்சு."

அவள் குனிந்துகொண்டாள். அவள் வேண்டியது இவ்வளவுதான்: அண்ணன் தம் கிதாரை ஒரே ஒருமுறை பழையபடி கேட்டுவிட வேண்டும், ஏன் கேட்காமல் போயிற்று என்பதை மட்டும் அறியக் கூடாது.

நான்கு மாதங்களுக்கு முன், "பிக்கப் மந்தமா இருக்கு. கம்பளியப் போத்திக்கிட்டுப் பாடற மாதிரி," என்று அவர் குறைபட்டார். வானொலி பழுதுபார்க்கும் கடை நடத்திய தங்கை சோதித்துப் பார்த்தாள்; கோளாறு ஒன்றுமில்லை. பிறகு மருத்துவர் இரு பெண்களையும் தாழ்வாரத்துக்கு அழைத்துச் சென்று விளக்கினார். நோயைத் தள்ளிப்போட்ட மருந்து, காதின் மேல்ஸ்வரங்களை எல்லாம் தின்றுவிட்டிருந்தது. அவை இனித் திரும்பா.

அண்ணி அவள் மணிக்கட்டை இறுகப் பற்றினார். "அவர்கிட்ட மூச்சு விட்டுறாதே. காலு போச்சு, கை நடுங்குது. காதும் போச்சுன்னா மனுஷன் எதைப் புடிச்சுக்கிட்டு இருப்பார்?"

நல்ல பாகத்தைக் கெட்டதென்று ஒரு வாடிக்கையாளரிடமும் சொல்லியிராதவள், உடன்பிறந்தவரிடம் சொன்னாள்: "ஆமாண்ணா, பிக்கப்தான் போச்சு." அவர் கண்ணெதிரிலேயே அதன் மின்கம்பிகளை வெட்டி எறிந்தாள். பின்னர், அவர் காதுக்கு எட்டட்டுமென்று, கிடைத்தவற்றுள் மிகக் கூரிய ஓசையுடைய வெள்ளை மூடியிட்டதைத் தேடி வாங்கினாள். ஒன்றை மட்டும் காட்டினால் ஐயப்படுவாரென்று, துணைக்குக் கறுப்பு மூடியிட்ட இன்னொன்றையும் வாங்கினாள்.

"அப்ப இந்த வெள்ளையையே வெச்சிரலாம்," என்றாள்.

"அவசரக்குடுக்கை. இன்னொண்ணை எதுக்கு வாங்கினே, ஊறுகாய் போடவா?"

கம்பிகளைத் தளர்த்தி, பிக்கப்பைத் தாங்கும் முகப்புத் தகட்டைக் கழற்றி, கறுப்பைப் பொருத்தி, மீண்டும் சுருதி சேர்க்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. தகட்டை இன்னும் முடுக்காமலே கம்பியைத் தட்டினாள்.

வந்தது அண்ணனின் கிதார். அவர் அடுத்த அறையில் சாதகம் செய்யும்போது, சுவருக்கு இப்பால் அவள் பாடம் படித்த ஓசை. தேவையில்லாமல் இன்னொருமுறை தட்டினாள், மற்றுமொருமுறையும். அண்ணி ஈரக் கையோடு வந்து கதவருகில் நின்றார்.

அண்ணனின் பார்வை கிதாரின் மீது இல்லை.

"இதுதான்," என்றார்.

"வெள்ளைதான் தெளிவா இருக்குன்னு சொன்னே?"

"சொன்னேன். அதுக்கு நீ எலுமிச்சங்காயக் கடிச்ச மாதிரி மூஞ்சிய வெச்சிருந்தே. உங்க அண்ணி பாத்திரத்தையே போட்டுட்டா." மூச்சு வாங்கியது, பொறுத்துத் தொடர்ந்தார். "முப்பது வருஷமா எதிர்ல உக்காந்திருக்கிற மூஞ்சிகளப் பாத்துத்தான் வாசிச்சேன். எனக்கு நானே கேக்கறதுக்கா?"

அண்ணியும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

"அண்ணா, அந்தப் பழைய பிக்கப்ல..."

"முதல்ல திருகாணிய முடுக்கு. பேச்சு அப்புறம்."

அவர் கண்களை மூடிக்கொண்டார். அவள் முடுக்கத் தொடங்கினாள். அண்ணி ஈரத்துணியால் கணவரின் உதடுகளை நனைத்தார். மறுபடி நனைக்கப் போனவர், கையை அப்படியே நிறுத்திக்கொண்டார்.

"என்னங்க," என்றார். பிறகு, சற்று உரக்க, "என்னங்க."

ஒலிபெருக்கி இரைந்துகொண்டிருந்தது. தங்கை எழுந்து அதை அணைத்தாள்.

மருத்துவர் மூன்று மணிக்கு வந்து, நேரத்தைக் குறித்துக் கொடுத்துவிட்டுச் சென்றார். அண்ணி தொலைபேசியில் ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். தங்கை விட்ட வேலையை மீண்டும் எடுத்தாள்.

அன்று அவ்வறையில் இழந்தவை: ஐம்பத்து நான்கு வயதுக் கிதார்க்காரர் ஒருவர். அண்ணிக்குக் கணவர். தங்கைக்கு அண்ணன், அவரிடம் பாதியில் நின்றுபோன ஒரு வாக்கியம். தகட்டின் எட்டுத் திருகாணிகளுள் ஒன்று.

அவள் கட்டிலருகே மண்டியிட்டு, தரையைக் கையால் தடவித் தடவித் தேடினாள். திருகாணி கிடைத்தது.