ஜாம் போத்திலில் பிரைமர்

நான்கு மணிக்குக் கோவில் சுவாமி செபம் சொல்லி வீடு மந்திரிக்க வருகிறார் என்று பற்றிமா காலையிலிருந்தே துடைத்துக்கொண்டிருந்தாள். குசினி முடிந்து, அறைகள் முடிந்து, மதியத்துக்குப் பிறகு கராஜுக்குள் நுழைந்துவிட்டாள். மூன்று மணிக்கு மெலனி அம்மாவைத் தேடிப் போனபோது அப்பாவின் வேலைமேசை வெறுமையாகப் பளபளத்தது. அம்மாவின் கையில் ஒரு ஜாம் போத்தில். அதில் முக்கால்வாசிக்குச் சின்னஞ்சிறு உலோகக் கிண்ணிகள்.

மெலனி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னம்மா அது?"

"உன்ர அப்பான்ர சாமான். ரெண்டு பெட்டி, பெட்டிக்குள்ள தட்டு, தட்டுக்குள்ள குழி. ஒரு கடுகுக்கு ஒரு வீடு! எல்லாத்தையும் இதுக்குள்ள கொட்டிட்டன். எவ்வளவு இடம் மிச்சம், பார்."

கடுகுப் போத்திலுக்குச் செய்வதுபோலவே, மட்டமாகட்டும் என்று ஒரு குலுக்குக் குலுக்கினாள்.

"ஆட்டாதேங்கோ!"

பற்றிமா திடுக்கிட்டாள். பிறகு சிரித்தாள். "அட, உனக்கும் சத்தம் வருமே!"

அந்தக் கிண்ணிகள் பிரைமர்கள். தோட்டாவின் அடியில் ஒன்று இருக்கும். துப்பாக்கியின் ஊசி குத்தினால் அது தீப்பிடித்து உள்ளே இருக்கும் வெடிமருந்தைப் பற்றவைக்கும். ஒவ்வொன்றையும் தனிக் குழியில் வைத்து விற்பது அழகுக்காக அல்ல. ஒன்று வெடித்தால் பக்கத்தில் இருப்பது வெடிக்கக் கூடாது என்பதற்காக. போத்திலில் ஆயிரத்துக்கு மேல் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன. ஒன்று போனால் எல்லாம் போகும். சுற்றிலும் கண்ணாடி.

"அம்மா, அதை மேசையில வையுங்கோ. மெதுவா. முட்டை மாதிரி."

"என்னடி, முகம் வெளிறிப்போச்சு?"

"வையுங்கோ அம்மா. பிளீஸ்."

மகளின் முகத்தைப் பார்த்த பிறகு பற்றிமா சிரிக்கவில்லை. மடித்துக் கிடந்த துவாயின் மேல் போத்திலை வைத்தாள். விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். மெலனி அவள் கையைப் பிடித்துத் தெருவின் எதிர்ப்பக்கம் வரை இழுத்துக்கொண்டு போனாள்.

பிழை அம்மாவுடையது மட்டுமல்ல. அப்பா கிறகோரி கிப்ஸ்லாந்து மலைக்கு மரை மான் வேட்டைக்குப் போகிறவர். தன் மேக்னம் துப்பாக்கிக்குத் தோட்டாவைத் தானே நிரப்புவார். போன குளிரில் விசையை இழுத்து ஒரு கணம் கழித்துத்தான் வெடித்தது. "கெமிஸ்ட்ரி படிச்சனி, என்னெண்டு பார்த்துச் சொல்லு" என்றார். மேக்னம் தோட்டாவில் மருந்து நிறைய, அதுவும் மெதுவாய் எரிவது. குளிரில் அதைப் பற்றவைக்கச் சாதாரண பிரைமரின் தீ போதாமல் போகலாம். தீ கூடிய மேக்னம் பிரைமருக்கு மாறுங்கள், ஆனால் மருந்தைக் குறைத்து முதலிலிருந்து தொடங்குங்கள் என்று மெலனிதான் தேர்ந்து சொன்னாள். நேற்று அப்பா வேலைக்குப் போகுமுன் பூட்டு அலுமாரியைத் திறந்து கொடுக்க, இரண்டு வகையையும் மேசையில் வைத்து ஒப்பிட்டாள். திரும்ப உள்ளே வைத்துப் பூட்ட மறந்தாள்.

அவள் அப்பாவுக்கு அழைத்தாள். அவர் சம்பல் சாமான் வாங்கிக்கொண்டு காரில் வந்துகொண்டிருந்தார்.

"பொலிசுக்கு அடிக்காத, பிள்ளை. பூட்டாமல் வெளியில கிடந்ததெண்டால் லைசன்ஸ் போயிடும். நான் வந்து பிரிச்சு வைக்கிறன். பத்து நிமிசம்."

"அப்பா, அதைக் கையால தொடவே கூடாது. ரெண்டு வகையும் கலந்துபோச்சு, பார்த்தாலும் தெரியாது..."

"இருபது வருசமாத் தொடுறன். போனை வை."

பத்து நிமிடம். அவர் வருவார், கண்ணாடியைப் போடுவார், விரலை விட்டுக் கிண்டுவார். மெலனி பீட்சாவுக்குக்கூடத் தொலைபேசியில் பேசாதவள். ஒவ்வொரு முறையும் தம்பி அனோஜ்தான் பேசுவான். அவசர உதவிக்கான மூன்று பூச்சியங்களை அழுத்தியபோது விரல் வழுக்கியது. இரண்டாவது தரம் அழுத்தினாள்.

மறுமுனையில் ஒரு பெண் நிதானமாகக் கேட்டாள். கிரான்பர்னில் எந்தத் தெரு, வீட்டு எண் என்ன. என்ன பொருள், எவ்வளவு, எதில். மெலனி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். யாரும் உள்ளே போக வேண்டாம், அயலவர்களையும் தள்ளி நிற்கச் சொல்லுங்கள், ஆட்கள் வருகிறார்கள் என்றாள் அந்தப் பெண்.

"சுவாமி வந்தால் எங்க இருத்துறது?" என்றாள் பற்றிமா.

தெருமுனையில் அப்பாவின் வெள்ளைக் கார் திரும்பியது.

அப்போதுதான் மெலனிக்குக் கராஜ் கதவு நினைவுக்கு வந்தது. அப்பா முனையிலேயே ரிமோட்டை அழுத்துவார். கதவு உயரும்போது மோட்டார் கடகடக்கும். மேசை அறைந்திருக்கும் சுவர் முழுவதும் அதிரும். கதவைப் பற்றி அவரிடம் சொல்ல மறந்துவிட்டாள்.

ஓடினாள். செருப்பு ஒன்று கழன்று விழுந்தது. கார் நின்றபோது முன்பக்கத்துக்கும் அவள் முழங்காலுக்கும் இடையில் ஒரு சாண்தான் இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் அப்பாவின் கை உயர்ந்திருந்தது. அதில் ரிமோட்.

"அமத்தாதேங்கோ! கதவு அதிரும் அப்பா!"

கிறகோரி அவளையே பார்த்தார். பிறகு கராஜைப் பார்த்தார். பெருவிரலை மெல்ல விலக்கிக் கண்ணாடியை இறக்கினார்.

"பொலிசுக்குச் சொல்லிட்டியோ?"

"ஓம்."

தூரத்தில் சைரன் கேட்டது. அவர் முகம் கறுத்துச் சுருங்கியது. அந்த முகத்துக்குத்தான் அவள் இவ்வளவு நேரமும் பயந்திருந்தாள் என்று இப்போதுதான் தெரிந்தது. ஆனாலும் காரின் முன்னாலிருந்து அவள் நகரவில்லை.

"வெளியில எடுத்து வச்சது நான். பூட்டாமல் விட்டதும் நான்தான். அவங்களிட்டையும் அப்படித்தான் சொல்லுவன்."

"திறந்து தந்தது நானெல்லே" என்றார் கிறகோரி. ஜன்னல் வழியே ரிமோட்டை நீட்டினார். "இந்தா, பிடி. என்ர கை இப்ப சரியில்லை."

அவளுடைய கையும் சரியில்லை. இரண்டு கைகளாலும் வாங்கினாள்.