பச்சைக்குள் ஒரு சிவப்புப் புள்ளி

1

இந்தக் கதை ஓர் ஓவியக் கண்காட்சியில் எனக்குக் கிடைத்தது. ஒரு பெண், புல்வெளிப் படம் ஒன்றின் முன்னால் மூக்கு இடிக்கிற அளவுக்கு நெருங்கி நின்று எதையோ தேடிக்கொண்டிருந்தாள். கிடைத்ததா என்று தெரிவதற்குள் கூட்டம் மறைத்துவிட்டது. அவளை அந்த ஓவியரின் மனைவி என்று வைத்துக்கொண்டேன். மிச்சமெல்லாம் கற்பனை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மேய்ச்சல் நிலங்களின் மகாகவியும், தூரிகையின்—'

(அடித்துவிட்டேன். படித்தால் அவர் மனைவியே சிரிப்பாள்.)

2

அவர் நிலக்காட்சி வரைவார். முடித்ததும் அந்த நிலத்தைப் பற்றியே ஒரு கவிதை எழுதுவார். ஒவ்வொரு படத்திலும், ஆடுகளுக்கு அப்பால், நகநுனி அளவு ஒரு சிவப்புப் புள்ளி இருக்கும். கவிதையில் 'தொலைவில் நிற்பவளே' என்று ஒருத்தி வருவாள். கல்யாணமான புதிதில் மனைவியிடம் ஒரு சிவப்புச் சால்வை இருந்தது. அவளாகவே கணக்குப் போட்டுக்கொண்டாள். (இதையெல்லாம் கேட்டா தெரிந்துகொள்வார்கள்?)

நேற்று நாத்தனார் வந்திருந்தாள். பள்ளியில் ஓவிய ஆசிரியை. சுவரில் இருந்த படத்தின் சிவப்புப் புள்ளியைக் காட்டி, மனைவி முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னாள்: "அது நான்தான்."

"அய்யோ அண்ணி, பச்சை சும்மா இருந்தா தூங்கி வழியும். ஒரு சொட்டு சிவப்பு வச்சா முழிச்சுக்கும். என் ஆறாங்கிளாஸ் பசங்களே வைப்பாங்க."

"அப்போ அது யாரும் இல்லையா?"

"ஆள் இல்ல அண்ணி, கலர்."

நாத்தனார் சிரித்துக்கொண்டே காபியைக் குடித்தாள். மனைவியின் காபி ஆறிப்போனது.

3

இன்று புதிய படம் முடிந்து, அவர் கையெழுத்தும் போட்டாயிற்று. மனைவி போய்ப் பார்க்கிறாள். பச்சை, பச்சை, ஆடுகள், பச்சை. புள்ளி இல்லை.

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். புள்ளி வெறும் வண்ணம் என்றால், அவள் எந்தப் படத்திலும் இருந்ததே இல்லை. அவள்தான் என்றால், இப்போது இல்லை. எது தேவலை?

"என்னங்க, இதுல சிவப்பு எங்க?"

ஒரு முடிவு: "அட, மறந்தே போச்சு." (இதுதான் நடந்திருக்குமோ என்று பயமாக இருக்கிறது.)

இன்னொன்று: தூரிகையை அவள் கையில் கொடுத்து, "எங்க நிக்கணும்னு நீயே சொல்லேன்" என்கிறார். (என் வாசகிகளுக்குப் பிடிக்கும். எனக்கும் பிடிக்கிறது. அதனாலேயே நம்பிக்கை வரவில்லை.)

மூன்றாவது: "இந்தப் பச்சைக்கு அது—"

இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை.

அவர் தூரிகையைத் துடைக்கிறார். துடைத்ததையே மறுபடியும் துடைக்கிறார். அவள் நகரவில்லை. அவர் வாயில் எந்தப் பதிலையும் நான் வைக்கப்போவதில்லை, நீங்கள் வையுங்கள். ஆனால், அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே வையுங்கள்.