எழுந்து நிற்கும் பள்ளிக்கூடம்

அதிகாரி யார் வந்தாலும் அந்த அரசுப் பள்ளிக்கூடம் எழுந்து நின்றது. மற்ற நாட்களில் தெற்குச் சுவர் ஒரு சாண் சாய்ந்திருக்கும், மூன்றாம் வகுப்பில் கூரைக் காரை உதிரும், மழை பெய்தால் ஏழு வாளி வைக்க வேண்டும். அலுவலக ஜீப் தெருமுனையில் திரும்பியதுமே சுவர் நிமிர்ந்துவிடும், விரிசல்கள் வாயை மூடிக்கொள்ளும். யாராவது உள்ளே வந்தால் எழுந்து நிற்க வேண்டும் என்று அறுபது வருடம் காதில் ஓதினால் அதுவும்தான் என்ன செய்யும். பொறியாளர் டேப்பை வைத்துப் பார்த்துவிட்டு, கட்டடம் நல்ல நிலையில் உள்ளது என்று எழுதிப் போவார். ஜீப் மறைந்ததும் பள்ளிக்கூடம் அப்பாடா என்று உட்காரும், இரண்டு கூடை காரை விழும். ஒன்பது வருடத்தில் ஐந்து நிதி விண்ணப்பங்கள் இப்படித்தான் திரும்பி வந்தன.

பெற்றோரும் சும்மா இருக்கவில்லை. வருகிறவர் முன்னால் மானம் போகக் கூடாதென்று முந்தின நாளே வெள்ளையடித்து, விரிசல்மேல் வரைபடம் மாட்டி, வாளிகளை ஒளித்துவைத்தார்கள். கேட்டது நிதி, காட்டியது பவிசு. எல்லோரும் பெரிய டீச்சர் என்று அழைத்த தலைமையாசிரியை மட்டும் என்ன வாழ்ந்தது? முழங்கால் தேய்ந்து போனவர், அன்றைக்கு மட்டும் வலி மாத்திரை போட்டுக்கொண்டு வாசலில் விறைப்பாக நிற்பார்.

ஆறாவது ஆய்வுக்கு முந்தின நாள் மூன்றாம் வகுப்பில் தேங்காய் அளவுக் காரை ஒன்று விழுந்து பெஞ்சு இரண்டாகப் பிளந்தது. அங்கே உட்காருகிற பெண் தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள். பெரிய டீச்சர் பிளந்த பெஞ்சை அப்படியே கிடக்க விட்டார். பெற்றோர் சார்பில் வெள்ளையடிக்கச் சுண்ணாம்போடு வந்த தையற்காரரைத் திருப்பி அனுப்பினார்.

"நம்மளப் பத்தி என்ன டீச்சர் நெனைப்பாங்க?"

"நெனைக்கட்டும். வாளியெல்லாம் இருக்கற எடத்துலயே இருக்கட்டும்."

எல்லோரும் போன பிறகு தெற்குச் சுவரில் கை வைத்து, "ரொம்ப நாளா நின்னுட்டே. நாளைக்கு எந்திரிக்க வேணாம்," என்றார்.

பழக்கம் விடுமா? ஜீப் திரும்பியதும் சுவர் நிமிர்ந்துவிட்டது. பொறியாளர் டேப்பை எடுத்தார். அன்று மாத்திரை போடாமல் வந்திருந்த பெரிய டீச்சர் மூன்றாம் வகுப்பு வாசற்படியில் மெல்ல உட்கார்ந்தார்.

"மன்னிச்சுக்குங்க சார். என்னால நிக்க முடியல."

அதிகாரி முன்னால் அவர் உட்கார்ந்து அந்தக் கட்டடம் பார்த்ததே இல்லை. கொஞ்ச நேரம் தயங்கியது. பிறகு அவருக்குப் பக்கத்தில் தானும் உட்கார்ந்தது. விரிசல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பொறியாளர் தலையில் விழுந்த தூசியைத் தட்டிவிட்டு, ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, நான்கு பக்கம் எழுதினார்.

மழைக்கு முன்பே நிதி வந்தது. இத்தனை வருடத்தில் நடந்த ஒரே அதிசயம் அதுதான் என்று தையற்காரர் இன்றும் சொல்கிறார்.

புதுச் சுவரும் புதுக் கூரையும் வந்த பிறகும் அதிகாரி வந்தால் பள்ளிக்கூடம் ஓர் அங்குலம் நிமிரத்தான் செய்கிறது. அதற்கென்று கொத்தனார் அஸ்திவாரத்தில் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறார். ஓய்வு பெற்ற பெரிய டீச்சர் மாதம் ஒருமுறை கைத்தடியோடு பிள்ளைகளுக்குக் கதை வாசிக்க வருவார். அவர் வந்தால் மட்டும் அது அசைவதில்லை. முதலில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

"வீட்டு ஆளு வந்தா யாராவது எந்திரிப்பாங்களா டீச்சர்?" என்றாள் பள்ளி ஆயா.

அதுவும் சரிதான் என்று அவர் மூன்றாம் வகுப்பு வாசற்படியில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்துகொண்டு, புத்தகத்தைத் திறந்தார்.