ஏரிக்கரையில் ஒரு நாய்க்குட்டி

மனச்சோர்வு மாத்திரைகளின் அமெரிக்க டிவி விளம்பரங்களில் பக்க விளைவுகளைக் கடகடவென்று படித்து, "உங்கள் டாக்டரைக் கேளுங்கள்" என்று முடிக்கும் குரல் வெண்டல் என்பவனுடையது. அப்போது திரையில் நாய்க்குட்டி துள்ளும், சூரியன் ஏரியில் இறங்கும். அவன் படிப்பது யார் காதிலும் ஏறாது.

அந்த வித்தையை நம்பித்தான் காதலி லொரெய்னை மாலையில் ஈரி ஏரிக்கு அழைத்துப் போனான். அவள் மடியில் நாய்க்குட்டியை வைத்து, "என்னைக் கட்டிக்கிறியா?" என்றான்.

"நாய்க்குட்டி, ஏரி, சூரியன்... சரி, பக்க விளைவைச் சொல்லு."

"குறட்டை விடுவேன், ரெண்டு தடவை விவாகரத்து ஆயிருக்கு, அம்மாவும் கூடவே வருவாங்க." ஒரே மூச்சில், தேன் குரலில் ஒப்பித்தான்.

"மெதுவா இன்னொரு தடவை சொல்லுப்பா."

மெதுவாகச் சொன்னபோது அவனுக்கே பயமாக இருந்தது.

"குட்டி எனக்கு," என்று எழுந்தாள் லொரெய்ன். "உன் விஷயத்தை டாக்டரைக் கேட்டுட்டுச் சொல்றேன்."