417ஆம் கிண்ணம்

யாதிராவை அந்தக் கல்லூரியில் கொண்டுபோய்ச் சேர்த்தவளே நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் எல்லாரும் இதை வசதியாக மறந்துவிட்டார்கள்.

அவள் என் கணவர் எஃப்ரேனின் தங்கை. வயது இருபத்திரண்டு. எனக்கு முப்பத்து நான்கு. பதினொரு வருடமாக ஆரஞ்சுக் கிடங்கில் நின்று, பெல்ட்டில் ஓடிவரும் பழங்களில் அழுகலைப் பொறுக்கிப் போடுகிறேன். என் மாமியார் எவுலாலியாவுக்குச் சர்க்கரை நோய் வந்தபோது நான்தான் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். அங்கே உணவு ஆலோசகர் என்று ஒரு பெண். எங்கள் பாஷையில் ஒரு வார்த்தை தெரியாது. சோள ரொட்டியை விட்டுவிட்டு மூன்று வேளையும் பச்சைக்காய் சாப்பிடச் சொன்னாள். மாமியார் வெளியே வந்ததும், "இவ என்னைச் சாகச் சொல்றாளா, பொழைக்கச் சொல்றாளா?" என்று கேட்டார். இந்த வேலையை நான் இவளைவிட நன்றாகச் செய்வேன் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

ஊர்க் கல்லூரியில் உணவியல் இரண்டு வருடம் படித்துவிட்டு, மீதி இரண்டு வருடத்துக்குப் பெரிய பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ளலாம். காலையில் கிடங்கு, மதியம் வகுப்பு. செல்போன் கடை வேலையை விட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்த யாதிராவிடம், "நீயும் வாயேன், போற கார்தானே" என்று சொன்னேன். அந்த நேரத்தில் என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது.

வேதியியலில் நான் மூன்றாவது முறை எழுதி எழுபத்தொன்று வாங்கினேன். அவள் முதல் முறையே தொண்ணூற்றெட்டு. மாமியாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் மகள் கொண்டுவரும் தாளை எல்லாம் எலுமிச்சம்பழ வடிவக் காந்தம் வைத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுவார். என் தாள் ஒன்றுகூட அந்தக் கதவில் ஏறியதில்லை. பால் எடுக்கப் போகும்போதெல்லாம் அந்தத் தொண்ணூற்றெட்டு என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டும்.

இந்த வசந்தப் பருவத்தில் எங்கள் ஆசிரியை ஹால்வர்சன் ஒரு போட்டி அறிவித்தார். பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவுக்கு உப்பு குறைந்த பயறு ஒன்று எழுதித் தர வேண்டும். ஒரு கிண்ணத்துக்குச் சிட்டிகை உப்புக்கு மேல் கூடாது. யாருடைய குறிப்பு அதிக மதிப்பெண் வாங்குகிறதோ அவருக்குப் பள்ளிச் சமையற்கூடத்தில் கோடைகால வேலை. ஒரே ஓர் இடம். பல்கலைக்கழகத்துக்கு மாறும்போது அந்த அனுபவம்தான் பேசும், கூடவே ஆசிரியையின் கடிதமும் வரும்.

அந்த இடம் எனக்கு வேண்டும். அது யாதிராவுக்குப் போய்விடவும் கூடாது. இரண்டில் எது பெரிது என்று கேட்டால் நான் உண்மையைச் சொல்ல மாட்டேன்.

ஜெயிப்பேன் என்றுதான் நினைத்தேன். உப்பைக் குறைத்தாலும் வாய்க்கு ருசிக்க வைக்கிற வித்தை என்னிடம் இருந்தது. மாமியாரின் ரத்த அழுத்தத்துக்காக நானே கண்டுபிடித்தது. பாதி வெங்காயத்தையும் இரண்டு காய்ந்த மிளகாயையும் ரொட்டிக் கல்லில் போட்டுக் கரியாகிற வரைக்கும் கருக்க வேண்டும். பயறு வெந்த தண்ணீரிலேயே அதை அரைத்துக் கடைசிப் பத்து நிமிடம் கொதிக்கவிட வேண்டும். அடுப்பை அணைத்ததும் ஒரு கரண்டி வினிகர். அவ்வளவுதான்.

ஆனால் வீட்டில் இருப்பது ஒரே லேப்டாப். நான் எழுதியதை யாதிரா திறந்து பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? அதனால் குறிப்பில் பயறு, பூண்டு, கொல்லையில் வளரும் எபசோத்தே என்ற வாசனை இலை, சிட்டிகை உப்பு, இவற்றை மட்டும் எழுதி அனுப்பினேன். வெங்காயமும் வினிகரும் என் கையில் இருக்கட்டும், சமைக்கிற அன்றைக்குப் போட்டுக்கொள்கிறேன் என்று நினைத்தேன். பெரிய சாமர்த்தியசாலி!

அந்த நாளும் வந்தது. எட்டுப் பேர், எட்டு அடுப்பு. ஹால்வர்சன் ஒரு பாத்திரத்தில் மடித்த தாள்களைப் போட்டுக்கொண்டு வந்தார்.

"யாரும் அவங்கவங்க குறிப்பைச் சமைக்கப் போறதில்ல. சீட்டு எடுங்க. பேர் இருக்காது, எழுதினபடி மட்டும் செய்யணும். முன்பின் தெரியாதவங்க செஞ்சாலும் அதே ருசி வந்தாதான் அது நல்ல குறிப்பு. யாருக்கு எது வந்துச்சுன்னு வாயைத் தொறக்கக்கூடாது. அறிவிப்புத் தாளோட பின்பக்கத்துலயே இதெல்லாம் இருக்கே, படிச்சீங்கதானே?"

நான் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவே இல்லை. 'மேடம், ஒரு படி விட்டுப்போச்சு' என்று அப்போதே சொல்லியிருக்கலாம், கோபித்துக்கொண்டே சேர்த்திருப்பார். ஆனால் சொன்னால் எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். யாதிரா இரண்டடி தள்ளி நின்றாள். பாத்திரத்துக்குள் கையை விட்டு ஒரு சீட்டை எடுத்துக்கொண்டேன்.

எனக்கு யாருடையதோ பயறுக் குறிப்பு வந்தது. கேரட்டை நறுக்கிக்கொண்டிருந்தபோது யாதிரா என் அருகில் வந்தாள். கையில் தாள் எதுவும் இல்லை.

"அண்ணி, நீங்க எழுதினதுல எதுவும் விட்டுப்போகலயே?"

"ஏன் கேக்குற?"

"சும்மாதான். ஏதாவது இருந்தா மேடம்கிட்ட சொல்லிடலாம். இன்னும் யாரும் அடுப்பு மூட்டல."

வேவு பார்க்க வந்துவிட்டாள், கழுதை என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் ஒண்ணும் விடல. நீ உன் அடுப்பைப் பாரு."

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு, "சரி அண்ணி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஒரு மணி நேரம் கழித்து மூலை அடுப்பிலிருந்து புகை வந்தது. அங்கே நின்றவர் அம்பாரோ. பள்ளிக் கேன்டீனில் இருபது வருடம் சமைத்தவர், ஐம்பது வயதுக்கு மேல் படிக்க வந்தவர். எட்டிப் பார்த்தேன். வெங்காயம்! கரியாகக் கருக்கிக்கொண்டிருந்தார். எனக்கு அங்கேயே அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. என் குறிப்பு இவருக்குத்தான் போயிருக்கிறது, எழுதாததையும் ஊகித்துச் செய்கிறார், கை என்றால் இதல்லவா கை என்று பூரித்துப் போனேன். எழுதினபடிதான் செய்ய வேண்டும் என்ற விதி அந்த நேரத்தில் எனக்கு நினைவுக்கு வரவில்லை. வர நான் விடவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

சமைத்ததை எல்லாம் ஹால்வர்சன் பக்கத்து அறைக்கு எடுத்துப் போய்ச் சின்னக் கிண்ணங்களில் ஊற்றி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு மூன்று இலக்க எண் எழுதிக்கொண்டு வந்தார். ருசி பார்த்து ஒன்றிலிருந்து ஒன்பது வரை மதிப்பெண் போட வேண்டும். ஒன்பது உச்சம். தனித்தனித் தாளில் கருத்தும் எழுத வேண்டும்.

582ஐ வாயில் வைத்ததும் தெரிந்துவிட்டது. புகை வாசம், எபசோத்தே, கடைசியில் வினிகரின் சுருக்கு. என் பயறு! கூச்சமே இல்லாமல் ஒன்பது போட்டேன்.

417இலும் எபசோத்தே வாசம் வந்தது. எங்கள் வீட்டுக் கொல்லையை விட்டால் வேறு யாருக்கு அந்த இலை? அப்படியானால் இது யாதிராவுடையது. வாயில் போட்டேன். வெந்த பயறு, வெறும் தண்ணீர், சப்பென்று இருந்தது. எனக்குள் ஒரு குளிர்ச்சி பரவியதை நான் மறைக்கப் போவதில்லை. தொண்ணூற்றெட்டு வாங்கினவளின் லட்சணம் இதுதானா! ஒன்று என்ற எண்ணைப் பெரிதாக எழுதி, இரண்டு முறை வட்டம் போட்டேன். கீழே எழுதினேன்: 'உப்பும் இல்லை, உயிரும் இல்லை. இதை எழுதியவள் அடுப்புப் பக்கமே போனதில்லை.'

முடிவை ஹால்வர்சன் வாசித்தார்.

"முதல் இடம், 582. ரொம்ப வித்தியாசத்துல. யாதிரா!"

கை தட்டினார்கள். அது எனக்கான கைதட்டல் என்று நினைத்துப் பாதி எழுந்துவிட்டேன். அப்படியே உட்கார்ந்தேன்.

"இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு," என்று அவர் தாளை உயர்த்திப் பிடித்தார். "யார்கிட்ட கத்துக்கிட்டதுன்னு ஒரு கட்டம் இருந்துச்சே, பாதிப் பேர் காலியா விட்டிருக்கீங்க. யாதிரா எழுதியிருக்காங்க: 'வெங்காயம் கருக்கிறதும் வினிகரும் என் அண்ணி நெரெய்தாவோட முறை.'" அவர் என் பக்கம் திரும்பினார். "நெரெய்தா, 417 உங்களுது. கடைசி இடம். இவ்வளவு நல்ல முறையைக் கையில வெச்சுக்கிட்டு உங்க குறிப்புல ஏன் எழுதல?"

எட்டுப் பேர் இருந்த அறையில் எல்லார் கண்ணும் என்மேல்தான்.

"மறந்துட்டேன் மேடம்."

காரில் வீட்டுக்குத் திரும்பினோம். ஆரஞ்சுத் தோப்புகள் பூத்திருந்தன. கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.

"என்னோடது உனக்குத்தான் வந்துச்சா?" என்று கேட்டேன்.

"ஆமா. படிச்சதுமே தெரிஞ்சுது. அதான் கேட்டேன்."

"நீயே வெங்காயத்தைப் போட்டிருக்கலாமே?"

"எழுதினபடி செய்யணும்னு சொன்னாங்களே. நீங்களும் ஒண்ணும் விடலைன்னு சொன்னீங்க."

"அந்த வித்தையை எப்ப பாத்துக் கத்துக்கிட்ட?"

"ஆறு வருசமா உங்க சமையலைத்தானே சாப்பிடுறேன், அண்ணி."

வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் கண் கலங்கியிருக்கும். எனக்குக் காரை நிறுத்தி அவளை இறக்கிவிட வேண்டும் போலிருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் மாமியார் கையை நீட்டினார். "இன்னிக்குப் போட்டின்னீங்களே, தாளைக் காட்டுங்க." எங்களுக்கு வந்த மதிப்பெண் தாள்களை அவரவர் கட்டாகக் கொடுத்திருந்தார்கள். என் கட்டின் மேலே இருந்தது, 417க்கு நானே எழுதிய தாள். யாதிராவின் கட்டின் மேலேயும் இருந்தது நான் போட்ட ஒன்பதுதான்.

மாமியாருக்கு எண்கள் தெரியும். ஒன்றுக்கு இரண்டு வட்டம் போட்டிருந்ததைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"ஒண்ணா! நெரெய்தா, ஒண்ணாம் எடமா வந்திருக்க? வட்டமெல்லாம் போட்டுக் குடுத்திருக்காங்களே!" யாதிராவின் தாளைப் பார்த்துவிட்டு அவள் முதுகில் தட்டினார். "ஒம்பதாவதா? போனாப் போகுதுடி. எப்பவும் நீயே ஜெயிக்க முடியுமா?"

யாதிரா என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஆமாம்மா, இந்தத் தடவை அண்ணிதான்" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள்.

மாமியார் தொண்ணூற்றெட்டைக் கீழே தள்ளிவிட்டு, எலுமிச்சம்பழக் காந்தத்தால் என் தாளை உச்சியில் ஒட்டினார். என் நெற்றியில் முத்தம் கொடுத்தார். இத்தனை நாள் நான் ஏங்கியது இதற்குத்தான். கதவில் என் தாள்! அதில் என் கையெழுத்திலேயே, இதை எழுதியவள் அடுப்புப் பக்கமே போனதில்லை என்று இருந்தது.

அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் அங்கே குழாயடியில், ஒன்றுமே நடக்காதது போல, அவள் கிளாஸில் தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்றாள். வேதியியலை ஜெயித்தாள், பயறை ஜெயித்தாள், கோடைகால வேலையும் அவளுக்குத்தான். இப்போது நல்ல மனசு யாருக்கு என்பதிலும் அவளே முந்திக்கொள்ள வேண்டுமா? அதை மட்டும் நான் விடுவதாக இல்லை.

"அத்தை, ஒம்பதுதான் பெருசு. ஒண்ணுன்னா கடைசி. ஜெயிச்சது உங்க பொண்ணு."

குழாய் நின்றது. மாமியார் ஃபிரிட்ஜையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப இந்த ஒண்ணை உனக்கு யார் போட்டது?"

"நான்தான் அத்தை, எனக்கு நானே போட்டுக்கிட்டேன்."