செய்தாயிற்று

கோடை வந்தால் எங்கள் கவுண்டி, அதாவது மாவட்ட, அலுவலகத்துக்கு கிராண்ட் ஜூரி அறிக்கை வந்து சேரும். பத்தொன்பது குடிமக்கள் வருஷம் முழுக்க எங்களைத் துருவித் துருவி எழுதியது. கவுண்டியை நிர்வகிக்கும் சபை சார்பில் பதில் எழுதுவது என் பிழைப்பு. ஒவ்வொரு பரிந்துரைக்கும் சட்டப்படி நாலே பதில்தான்: செய்தாயிற்று, செய்வோம், மேலும் ஆராய வேண்டும், செய்ய மாட்டோம். நான் மூன்றாவதிலேயே குடியிருந்தவன். ஆறு மாதம் ஆராயலாம், அதற்குள் எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

இந்த வருஷம் ஏழாவது பரிந்துரை ஃபெர்ன் மேட்டுக் குடியிருப்பைப் பற்றியது. வெளியேற ஒரே சாலை. காட்டுத்தீ வந்தால் அத்தனை பேரும் மாட்டிக்கொள்வார்கள். பின்பக்கமாக நெடுஞ்சாலைக்குப் போகும் வழியை மறிக்கும் கேட்டின் பூட்டைக் கவுண்டி திறந்துவிட வேண்டும். எழுதியவர் ஜூரியில் இருந்த டெல்ஃபின் அம்மாள், ஓய்வுபெற்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநர். அவர் மகள் ரோவினா சக்கர நாற்காலியில் அந்த மேட்டில்தான் இருக்கிறாள்.

பதில் எழுதிய மதியம் எங்கோ தொலைவில் காடு எரிந்துகொண்டிருந்தது. வெயில் ஆரஞ்சு நிறமாகி ஜன்னலில் மிதந்தது. கண் சொக்கிய நிலையில், ஏழாவதற்குப் பழைய கோப்பிலிருந்து வேறு வரியை ஒட்டிவிட்டேன். சபையும் முப்பது விஷயங்களோடு சேர்த்து ஒரே மூச்சில் நிறைவேற்றியது. ஒரு ஆள்கூடப் படிக்கவில்லை, கர்மம்!

மறுவாரம் டெல்ஃபின் வந்து நின்றார்.

"ஏம்ப்பா வெண்டல், 'செய்தாயிற்று'ன்னு போட்டிருக்கியே, பூட்டு அப்பிடியே தொங்குது. யாருக்குக் காது குத்துற?"

"ஐயோ, தப்பு விழுந்துடுச்சும்மா. திருத்திடறேன்."

"திருத்தி? மறுபடி ஆராயப் போறீங்களா? ஆறு மாசத்துல மழையே வந்துடும். அதுக்குள்ள தீ வந்தா எம்பொண்ண யாரு தூக்குவா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. சாலைப் பிரிவு ஓட்டிஸுக்குப் போன் செய்தேன்.

"கேட்டைத் திறந்தாச்சுன்னு சபை தீர்மானம் போட்டிருக்கு. பூட்டு இருக்காம்."

"எவன்டா எழுதினது?"

"நான்தான்."

"சபைக்குத் தெரிஞ்சா வேலை போயிடும்டா."

"போனா போகட்டும். தீர்மானம் தீர்மானந்தானே? நீ வா."

புகைமூட்டத்தில் மரங்கள் பாதி கரைந்து நின்றன. ஓட்டிஸ் முணுமுணுத்துக்கொண்டே பூட்டை வெட்டினான். கேட் சத்தமில்லாமல் திறந்துகொண்டது, எனக்கே நிஜமா என்றிருந்தது. டெல்ஃபின் மகளை வேனில் ஏற்றிக்கொண்டு, அந்த வழியே நெடுஞ்சாலை வரை ஓட்டிப்போய்த் திரும்பி வந்தார். 

ரோவினா கடிகாரத்தைப் பார்த்தாள்.

"போக நாலே நிமிஷம்மா. இனிமே நீ ராத்திரியெல்லாம் தீ வருமோன்னு என் கட்டில் பக்கத்துல ஷூ மாட்டிக்கிட்டு உக்கார வேண்டாம்."